லிஸ்டோல்: ஓர் அயர்லாந்துச் சந்தை ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிஸ்டோல் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

அயர்லாந்துக் குடியரசின் தென்மேற்கில் உள்ள கெர்ரி மாவட்டத்தின் வடபகுதியில், ஃபீல் என்னும் ஆற்றங்கரையில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரான ட்ரலீ ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளது; பாலிபனியன் கடற்கரைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4,820. கெர்ரி என்றதும் நாட்காட்டிப் படங்களில் வரும் மலைகளும் ஏரிகளும் தெற்கே கிலார்னியைச் சுற்றியவை. வடகெர்ரி வேறு மாதிரியான நிலம்: தாழ்ந்த ஈரப் புல்வெளி, வயல்களைப் பிரிக்கும் புதர்வேலி, அடுப்பெரிக்க வெட்டியெடுக்கப்படும் கரிமண் சதுப்பு, அட்லாண்டிக்கிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் மழைமேகம். பால்மாடு வளர்ப்பதற்கென்றே அமைந்த நாடு எனலாம். இயற்கைக் காட்சிகளைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் இந்த ஊரில் வண்டியை நிறுத்துவதில்லை.

பெயரை எப்படி உச்சரிப்பது? அதன் பொருள் என்ன?

ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘லிஸ்டோவெல்’ என்று படிக்கத் தோன்றும். உள்ளூரார் இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்து ‘லிஸ்டோல்’ என்கிறார்கள். இங்கும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். அயரிஷ் மொழியில் இது ‘லிஸ் தூஹில்’, அதாவது தூஹல் என்பவனின் லிஸ். மண்கரை எழுப்பி வட்டமாக அடைத்துக்கொண்ட பழங்காலக் குடியிருப்புக்கு ‘லிஸ்’ என்று பெயர். அயர்லாந்து வரைபடத்தில் ‘லிஸ்’ என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம். அவற்றில் பலவும் இப்படி யாரோ ஒருவரின் மண்கோட்டையாக இருந்தவையே.

‘சந்தை ஊர்’ என்று ஏன் சொல்கிறார்கள்? எல்லா ஊரிலும்தானே கடைகள் இருக்கின்றன?

அயர்லாந்தின் உழவர்கள் கிராமமாகக் கூடி வாழ்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவில், பக்கத்து வீட்டிலிருந்து விலகித் தனியே வாழும். ஆகவே விற்கவும் வாங்கவும் பெண்பார்க்கவும் வழக்குப் பேசவும் கடன் தீர்க்கவும் பூசைக்குப் போகவும் அவர்கள் வந்து சேர்ந்த இடம் சந்தை ஊர்தான். ஊரின் கடை, மதுக்கடை, வங்கி, வழக்கறிஞர் அலுவலகம் எல்லாமே சுற்றுவட்டாரப் பண்ணைகளை நம்பி இருந்தன.

இதில் இரண்டு வகைக் கூட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாரச் சந்தையில் வெண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு, பன்றிக்குட்டி போன்றவை கைமாறின. ஆண்டில் குறித்த சில நாள்களில் மட்டும் கூடியது கால்நடைச் சந்தை. உழவரின் ஆண்டு வருமானம் அன்றைக்குத்தான் முடிவாகும். முந்தின இரவே மாடுகளை ஓட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள். விடியும் முன்பே தெரு நிறைந்துவிடும் என்பதால் கடைக்காரர்கள் சன்னல் கண்ணாடி உடையாமலிருக்கப் பலகைகளைக் கட்டி வைப்பார்கள். விவரமறிந்த மாட்டு வியாபாரி ஊருக்கு வெளியே சாலையிலேயே காத்திருந்து, அடுத்தவன் கண்ணில் படுவதற்குள் நல்ல மாட்டை மடக்கப் பார்ப்பான்.

பேரம் பேசுவதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். வாங்குபவன் மாட்டைச் சுற்றி வருகிறான், குறை சொல்கிறான், அவமதிப்பாக ஒரு விலை சொல்கிறான். விற்பவன் காதில் விழாதவன்போல் வேறு பக்கம் பார்க்கிறான். வாங்குபவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்கிறான். இந்நேரம் கூட்டத்திலிருந்து தரகன் ஒருவன் முளைத்து, போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, “இருவருக்குமுள்ள வித்தியாசத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்” என்று இரண்டு கைகளையும் சேர்த்து அறைகிறான். இப்படி மூன்று நான்கு முறை நடந்த பிறகே முடிவாகும். உள்ளங்கையில் எச்சில் துப்பி அறைந்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. மாறியவனிடம் மறுபடி யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள். பணம் கைமாறிய பின் விற்பவன் அதிலிருந்து சிறு தொகையை வாங்குபவனுக்குத் திருப்பிக் கொடுப்பான். ‘அதிர்ஷ்டக் காசு’ என்று அதற்குப் பெயர். அது எவ்வளவு என்பதற்கே தனிப் பேரம் நடந்து, முடிந்த வியாபாரம் முறிந்துபோவதும் உண்டு.

நடிப்பு, சமயோசிதம், சொல்லுக்குச் சொல் பதிலடி ஆகியவற்றைத் தொழிலாகவே நடத்திய இந்தத் தெருவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்டோலின் இலக்கியப் புகழைப் பற்றிக் கேட்கும்போது இது உதவும்.

இப்போதும் சந்தை கூடுகிறதா?

மாட்டுச் சந்தைகள் 1950களிலிருந்து தெருவை விட்டு, ஏலக் கொட்டகைகளுக்குப் போய்விட்டன. அங்கே எடைமேடை இருக்கிறது, ஏலக்காரர் இருக்கிறார், காசோலை கிடைக்கிறது. உழவருக்கு அது நல்லதுதான். ஆனால் குதிரைச் சந்தை மட்டும் லிஸ்டோலில் நிலைத்துவிட்டது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் வியாழக்கிழமைகளில் அது கூடுகிறது. குதிரைகளும் கழுதைகளும் தெருவிலேயே நிற்கும்; கை அறைவதும் அதிர்ஷ்டக் காசும் அங்கே இன்றும் உண்டு. வருபவர்களில் ‘ட்ராவலர்கள்’ எனப்படும், ஊர் ஊராகச் சென்று வாழ்ந்த பழைய அயரிஷ் சமூகத்தார் கணிசமானவர்கள். அவர்களைத் தனி இனக்குழுவாக அயர்லாந்து அரசு 2017இல்தான் ஏற்றுக்கொண்டது. இவை தவிர வெள்ளிக்கிழமைகளில் சதுக்கத்தில் சிறிய உழவர் சந்தை உண்டு. ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி வாங்கலாம்.

சதுக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

சிறிய ஊருக்குச் சற்றுப் பெரிதாகவே தோன்றும் சதுக்கம் அது. நடுவில் பழைய சீர்திருத்தத் திருச்சபைக் கோயில் ஒன்று நிற்கிறது. வழிபடுவோர் குறைந்துபோனதால் அது இன்று புனித யோவான் நாடக அரங்காக மாறியிருக்கிறது. எதிரே கத்தோலிக்கக் கோயில். ஒரு பக்கம் பழைய விடுதி ஒன்று உண்டு. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய தலைவர் பார்னெல் 1891 செப்டம்பரில் அதன் சன்னலிலிருந்து மக்களிடம் பேசினார். மணவிலக்கு வழக்கொன்றால் கட்சி உடைந்து, உடல்நலமும் குலைந்திருந்த காலம். அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார்.

ஆற்றை ஒட்டிக் கோட்டை இருக்கிறது. ஃபிட்ஸ்மாரிஸ் குலத்தார் கட்டிய அந்தக் கோட்டையின் நான்கு கோபுரங்களில் இரண்டே எஞ்சியுள்ளன. அவற்றை மேலே ஒரு வளைவு இணைக்கிறது. முதலாம் எலிசபெத்தின் படைகளை எதிர்த்து 28 நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்து, 1600 நவம்பரில் சர் சார்ல்ஸ் வில்மட்டிடம் இது வீழ்ந்தது. உள்ளே இருந்த வீரர்கள் கொல்லப்பட்டார்கள். குலத்தலைவரின் சின்னஞ்சிறு மகனை மட்டும், உடம்பெல்லாம் சேறு பூசி யாரோ ஏழைப் பிள்ளைபோல் ஆக்கி, கிழவி ஒருத்தி முதுகில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள் என்பது கதை.

வீட்டு முகப்புகளில் உள்ள சுதை வேலைப்பாடுகளை யார் செய்தார்கள்?

பாட் மெக்காலிஃப் (1846–1921) என்னும் உள்ளூர்க் கொத்தனார். கடைத்தெருவில் நடக்கும்போது தலையை உயர்த்திப் பார்க்காதவர்கள் இந்த ஊரைப் பார்த்ததாகவே சொல்லக் கூடாது என்பது என் கருத்து. பூச்சு வேலைக்குக் கூப்பிட்ட கடைக்காரர்களின் சுவர்களில் அவர் தூண்களும் சிங்கங்களும் யாழ்களும் பூக்கொத்துகளும் வளர்த்தெடுத்தார். புகழ்பெற்றது ‘எரின் கன்னி’ என்னும் முகப்பு: அயர்லாந்தைப் பெண்ணாக உருவகித்து, திறந்த மார்புடன் யாழில் சாய்ந்திருக்க, பக்கத்தில் வேட்டை நாயும் வட்டக் கோபுரமும் உதிக்கும் சூரியனும் வர, அத்தனையும் பளிச்சென்ற வண்ணங்களில் நிற்கின்றன. சர்ச் தெருவில் சிங்கமும் யாழும் உள்ள இன்னொரு கடையில் பல மொழிகளில் வாசகங்கள் எழுதியிருக்கிறார். அவருடைய வேலைகளை லிஸ்டோலிலும் பக்கத்து ஊரான அபிஃபீலிலும் மட்டுமே இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியும். கட்டடக்கலை படித்தவர்கள் முகம் சுளிக்கக்கூடிய கலவைதான். ஆனால் தன் கடை எதிர்க்கடையைவிட எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற வியாபாரியின் ஆசையை இவ்வளவு மனம்விட்டு நிறைவேற்றிய கொத்தனார் அபூர்வம்.

பெரும் பஞ்சம் இந்த ஊரை எப்படித் தாக்கியது?

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோயும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களைப் பறித்தன; அதற்கு மேலும் ஆட்கள் கப்பலேறிப் போனார்கள். சிறு குத்தகைக்காரர்கள் நிறைந்த வடகெர்ரி தப்பவில்லை. ஊரின் ஏழையர் விடுதி நிரம்பி வழிந்தது. இறந்தவர்கள் ‘டாம்பல் பான்’ எனப்படும் இடுகாட்டில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார்கள். அநாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கிரே பிரபுவின் திட்டத்தில், 1848 முதல் 1850 வரை அயர்லாந்து முழுவதிலுமிருந்து 4,000க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் ஏற்றப்பட்டார்கள். லிஸ்டோல் விடுதியின் பெண்களும் அவர்களில் இருந்தார்கள்.

1920இல் நடந்த காவலர் கலகம் என்பது என்ன?

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். லிஸ்டோல் காவல் நிலையத்தை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிராமங்களுக்குப் போகுமாறு காவலர்களுக்கு உத்தரவு வந்தது, அவர்கள் மறுத்தார்கள். 1920 ஜூன் 19 அன்று வட்டார ஆணையர் ஜெரால்ட் ஸ்மைத் நேரில் வந்து பேசினார். இந்தியாவில் தல்ஹவுசியில் பிறந்தவர் அவர். முதல் உலகப்போரில் ஒரு கையை இழந்தவர். சந்தேகப்படும்படி வருபவர்களைத் தயங்காமல் சுடலாம், சுட்டவர்மீது நடவடிக்கை வராது என்ற பொருளில் அவர் பேசியதாகக் காவலர்கள் பிறகு சொன்னார்கள். அவர் தரப்பு அதை மறுத்தது. ஜெரமையா மீ என்ற காவலர் முன்னால் வந்து, தொப்பியையும் இடைவாரையும் துப்பாக்கிமுனைக் கத்தியையும் கழற்றி மேசைமேல் வைத்தார். அவரைக் கைது செய்யச் சொன்னபோது உடனிருந்த காவலர்கள் நகரவில்லை. ஒரு மாதத்துக்குள், ஜூலை 17 அன்று, கார்க் நகரக் கழகம் ஒன்றில் ஸ்மைத் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதே ஜூன் மாதக் கடைசியில்தான் பஞ்சாபின் ஜலந்தரில் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் என்னும், பிரிட்டிஷ் இராணுவத்தின் அயரிஷ் படையினரும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இந்தியாவோடு வேறு ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத அளவுக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வட்டாரத்து நிலங்களை வாங்கிய கார்க் வணிகக் குடும்பமான ஹேர் வம்சத்துக்கு 1822இல் ‘லிஸ்டோல் பிரபு’ என்ற பட்டம் கிடைத்தது. ஐந்தாம் பிரபுவான வில்லியம் ஹேர் தொழிற்கட்சிக்காரர். 1947 ஏப்ரலில் இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் பொறுப்பேற்று, ஆகஸ்டில் அந்தப் பதவியே ஒழியும்வரை இருந்தவர், அதாவது அப்பதவியின் கடைசி அமைச்சர், அவர்தான். இந்திய விடுதலைச் சட்டம் நிறைவேறிய கோடையில் லண்டனின் இந்திய அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவரின் பட்டத்தில் இந்தச் சந்தை ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொருவர் கிச்னர். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த அவர் 1850 ஜூன் 24 அன்று லிஸ்டோலுக்கு அருகில் பிறந்தார். பஞ்சத்தால் கடனில் மூழ்கிய பண்ணைகளை விற்க வழிசெய்த 1849ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி, மலிவாக நிலம் வாங்க வந்த ஆங்கிலேய அதிகாரி அவருடைய தந்தை.

‘ஒற்றைத் தண்டவாள ரயில்’ உண்மையிலேயே ஓடியதா?

1888ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டு, 1924 அக்டோபர் 14 வரை ஓடியது. அல்ஜீரியப் பாலைவனத்தில் ஒட்டகங்கள் முதுகின் இருபுறமும் மூட்டைகளைச் சமமாகத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்த சார்ல்ஸ் லார்டிக் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் யோசனை இது. ஆங்கில ‘ஏ’ வடிவத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள தாங்கிகளை வரிசையாக நட்டு, உச்சியில் ஒரே தண்டவாளத்தைப் பொருத்தினார்கள். அதன்மேல் குதிரைச் சேணத்தைப் போல வண்டி இருபுறமும் தொங்கியபடி ஓடும். எஞ்சினுக்கும் இரண்டு கொதிகலன்கள், பக்கத்துக்கு ஒன்று. பயணிகள் முதுகோடு முதுகாக, ஆளுக்கொரு புறம் பார்த்து உட்காருவார்கள். லிஸ்டோலையும் பாலிபனியன் கடற்கரையையும் இணைத்த அந்தப் பாதையில் கோடைக்காலப் பயணிகள், மாடுகள், உரத்துக்கான கடல்மணல் எல்லாம் போய்வந்தன.

குறை என்னவென்றால் எதையும் சமன் செய்தே ஏற்ற வேண்டும். பருத்தவர் ஒருவர் இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கத்துக்கு ஈடு தேட வேண்டும். பியானோ ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தபோது எதிர்ப்புறம் ஒரு பசுவை ஏற்றினார்களாம். பசுவைத் திருப்பிக் கொண்டுவர எதிர்ப்புறம் இரண்டு கன்றுகள் தேவைப்பட்டன. பிறகு கன்றுகளை ஒரு புறத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு வீடு சேர்த்தார்களாம். ஊரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. பொய்யாக இருந்தாலும் இயந்திரத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக விளக்கிவிட முடியாது. தண்டவாளம் இடுப்புயரத்தில் இருந்ததால் சாலைகள் அதைச் சாதாரணமாகக் குறுக்கிட முடியவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் தூக்குப்பாலம் போன்ற அமைப்பு வேண்டியிருந்தது. விடுதலைப் போரைத் தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போரில் சேதமடைந்த பின் பாதையை மூடிவிட்டார்கள். 2003இல் சிறிது தொலைவுக்கு மட்டும் பாதையை மறுபடி அமைத்து, பழைய எஞ்சினைப் போலவே தோன்றும் டீசல் எஞ்சினைக் கோடைக்காலத்தில் ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை எழுத்தாளர்கள் எப்படி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே வாழ்ந்தவர்கள் பிரையன் மக்மஹோன் (1909–1998), ஜான் பி. கீன் (1928–2002) ஆகியோர். சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள் நாடகாசிரியர் ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ், கதாசிரியர் மாரிஸ் வால்ஷ், கவிஞர் பிரெண்டன் கென்னலி.

மக்மஹோன் பள்ளி ஆசிரியர்; பிற்காலத்தில் தலைமை ஆசிரியர். ட்ராவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ‘ஷெல்டா’ என்ற குழூஉக்குறி மொழியை அறிந்திருந்த, அச்சமூகத்துக்கு வெளியே இருந்த மிகச் சிலரில் ஒருவர். பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி அன்று. குதிரைச் சந்தையில் நிற்பவனுக்கே அது காதில் விழும்.

கீன் வைத்திருந்தது வில்லியம் தெருவில் ஒரு மதுக்கடை. இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போய்த் திரும்பி வந்து 1955இல் அதை வாங்கினார். பகலில் கல்லாவில் நிற்பார். கடை அடைத்த பிறகு எழுதுவார். சந்தைக்கு வந்த உழவர்கள் பணத்தோடும் தாகத்தோடும் அவரிடம்தான் வந்தார்கள். அவருடைய முதல் பெருவெற்றியான ‘சைவ்’ நாடகத்தின் கரு, இளம்பெண் ஒருத்தியைப் பணக்காரக் கிழ உழவனுக்குக் கட்டிவைக்கத் தரகன் பேசும் பேரம். (‘சைவ்’ என்பது அப்பெண்ணின் பெயர், நம் சைவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.) டப்ளினின் அபி அரங்கு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது, லிஸ்டோல் நாடகக் குழு 1959இல் தானே அரங்கேற்றி, அகில அயர்லாந்துப் பயில்நிலை நாடகப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. 1965இல் அரங்கேறிய ‘வயல்’ நாடகமோ ஏலத்துக்கு வரும் ஒரு துண்டு மேய்ச்சல் நிலத்தைப் பற்றியது. வாடகைக்கு எடுத்துப் பாறையைப் பண்படுத்திய உழவன் ஒருபுறம், அதிக விலை கொடுக்க வரும் வெளியாள் மறுபுறம். இடையில் ஒரு கொலை, அதைப் பற்றி வாய் திறக்காத ஊர். 1958இல் வடகெர்ரியில் நிலத்தகராற்றை ஒட்டி நடந்த உண்மைக் கொலையே அதற்குத் தூண்டுதல்.

பெண்ணுக்குப் பேரம், நிலத்துக்கு ஏலம், நடுவில் தரகன், எல்லாம் தெரிந்தும் பேசாத சாட்சிகள். இந்த நாடகங்களின் கதைப்பொருளும் உரையாடலும் கால்நடைச் சந்தையிலிருந்து நேரே நடந்து வந்தவை. ஊரின் எழுத்தைச் சுற்றுலாத் துறை ‘இலக்கியத் தலைநகரம்’ என்று பட்டம் கட்டித் தனியே எடுத்து வைக்கும்போது, அதை வளர்த்த தெரு பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அயரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அடியில் ஓட, மேலே ஆங்கிலச் சொற்கள் மிதக்கும் வடகெர்ரிப் பேச்சை, பேரத்துக்கும் வசவுக்கும் கதைக்கும் நாள்தோறும் பயன்படுத்தித் தீட்டி வைத்திருந்தவர்கள் உழவர்களும் வியாபாரிகளுமே. எழுத்தாளர்கள் அருகில் நின்று கேட்டார்கள்.

எழுத்தாளர் வாரம் எப்போது நடக்கும்?

மே மாதக் கடைசியும் ஜூன் தொடக்கமும் சேரும் நாள்களில். 1970இல் மக்மஹோன், கீன் முதலியோர் கூடித் தொடங்கியது. அயர்லாந்தின் மிகப் பழைய இலக்கிய விழாக்களில் ஒன்று. ஆண்டின் சிறந்த அயரிஷ் புதினத்துக்கான பரிசு அங்கே அறிவிக்கப்படும். பட்டறைகள், வாசிப்புகள் எல்லாம் உண்டு. மாலையில் மதுக்கடைகளில் நடப்பதுதான் பெரும்பாலோர் நினைவில் நிற்பது. விழாக் காலம் தவிர மற்ற நாள்களில், கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கெர்ரி எழுத்தாளர் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

குதிரைப் பந்தயம் ஊருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

செப்டம்பரில் ஏழு நாள் நடக்கும் பந்தய வாரம்தான் லிஸ்டோலின் உண்மையான திருவிழா. அறுவடையும் வைக்கோல் வேலையும் முடிந்து, உழவர் கையில் பணமிருக்கும் நேரத்தைப் பார்த்து வைத்தது. முன்பு பந்தயம் பாலிபனியனுக்கு அருகே பாலியீ கடற்கரையில் நடந்தது. பந்தயத்தோடு, குடும்பம் குடும்பமாக அணி பிரிந்து தடிகளால் மோதிக்கொள்ளும் சண்டையும் சேர்ந்தே நடக்கும். 1834 ஜூன் 24 அன்று நடந்த சண்டையில் ஆற்றைக் கடந்து ஓடியவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். 1858 முதல் பந்தயம் லிஸ்டோலில், ஃபீல் ஆற்றுக்கு அக்கரையில் ‘தீவு’ என்று அழைக்கப்படும் திடலில் நடக்கிறது. ஊருக்குள்ளிருந்து நடைபாலத்தில் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். ‘கெர்ரி நேஷனல்’ என்னும் தடைதாண்டும் பந்தயம் நாடு முழுவதும் கவனிக்கப்படுவது.

அந்த வாரத்தின் உணவு ஆட்டிறைச்சிப் பை. மாவுக்குள் இறைச்சியை மூடிச் சுட்டு, குழிந்த கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் கொதிக்கும் ஆட்டு எலும்புச் சாற்றை ஊற்றித் தருவார்கள். மேலோடு சாற்றில் ஊறி, பாதி மொறுமொறுப்பும் பாதிக் குழைவுமாக இருக்கும்போது கரண்டியால் வெட்டிச் சாப்பிட வேண்டும். வீட்டில் பெண்களும் திடலுக்குப் போக வேண்டுமே, எனவே முன்கூட்டியே டசன் கணக்கில் செய்து வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் சாற்றைச் சூடாக்கினால் போதும்.

ஊர் இப்போது எதை நம்பிப் பிழைக்கிறது?

பாலை. முன்பு ஒவ்வோர் உழவரும் காலையில் கழுதை வண்டியில் பாத்திரங்களை ஏற்றி, பால் நிலையத்து வாசலில் வரிசையில் நின்றார். 1972இல் எட்டுச் சிறு கூட்டுறவுச் சங்கங்களும், அரசின் பால் நிறுவனமும், ஓர் அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து, பாலிலிருந்து கேசீன் என்னும் புரதத்தைப் பிரிக்கும் தொழிற்சாலையை லிஸ்டோலில் நிறுவின. ஆரம்பத்தில் அதன் அலுவலகம் ஒரு கேரவன் வண்டி. 1974இல் அது கெர்ரி கூட்டுறவாகி, பிறகு ‘கெர்ரி குரூப்’ என்ற பன்னாட்டு உணவு நிறுவனமாக வளர்ந்தது. உலகின் பல நாடுகளில் பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் வரும் சுவையூட்டிகளைச் செய்யும் அந்த நிறுவனத்தின் வேர் இந்த ஈரப் புல்வெளியில் இருக்கிறது. தொழிற்சாலை இன்றும் ஊரோரத்தில் இயங்குகிறது. இளைஞர்கள் டப்ளினுக்கும் அயல்நாடுகளுக்கும் போவதும், கடைத்தெருவில் சில முகப்புகள் பூட்டிக் கிடப்பதும் எல்லாச் சந்தை ஊர்களுக்கும் உள்ள நோய், லிஸ்டோல் விதிவிலக்கன்று. ஆனாலும் 2018இல் நாட்டின் மிகத் தூய்மையான ஊருக்கான ‘டைடி டவுன்ஸ்’ முதற்பரிசை வென்றது இதுவே.

எப்படிப் போவது? எப்போது போவது?

ரயில் இல்லை. லிமெரிக்கிலிருந்து ட்ரலீ வரை 1880இல் முழுமை பெற்ற பாதையில் 1963இல் பயணிகள் வண்டி நின்றுபோனது. அந்தத் தடம் 2022 முதல் நடைக்கும் மிதிவண்டிக்குமான பசுமைப் பாதையாக இருக்கிறது. ட்ரலீ வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். வடக்கே கிளேர் மாவட்டத்திலிருந்து வருபவர்கள் ஷானன் ஆற்றின் கழிமுகத்தைத் தார்பர்ட் துறைக்குப் படகில் கடந்து, அங்கிருந்து அரைமணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

பந்தய வாரத்தில் அறை கிடைப்பது கடினம். என்னைக் கேட்டால் அக்டோபர் முதல் வியாழனைச் சொல்வேன். கூட்டமில்லாத பருவம், காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் நல்ல குதிரைகள் அதற்குள் விலைபோய்விடும். மழைச்சட்டை கட்டாயம். தெருவில் நிற்கும்போது குதிரையின் பின்புறமாகப் போகாதீர்கள், வாங்கும் எண்ணம் இல்லாமல் யாருடைய கையிலும் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.